வெட்டுப்புள்ளிக்குக் கீழே இருப்பதும் நம்முடைய பிள்ளைகள்தான்



ஸ்கொலர்ஷிப் ரிசல்ட் வந்து இரண்டு நாளைக்குள் ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலைப் பக்கமெல்லாம் பெனர் ஏறிவிடும். பிள்ளையின் படம், எடுத்த புள்ளி, பாடசாலையின் பெயர், கீழே வாழ்த்துகிறவர்களின் படம். அந்தப் பிள்ளைகளுக்கு எங்கள் வாழ்த்தும் உண்டு. அந்தப் புள்ளிக்காகத் தாய் தகப்பன் பட்ட பாடு எங்களுக்குத் தெரியும். ஆனால் பெனரை எண்ணிப் பார்த்து, "இந்த ஸ்கூல் நல்லம், அந்த ஸ்கூல் சரியில்லை" என்று ஊர் தீர்ப்புச் சொல்கிறதே, அதைப் பற்றித் தோட்டப் பாடசாலைகளில் படிப்பிக்கும் ஆசிரியர்களாக நாங்கள் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் ஒரு விஷயம். வெட்டுப்புள்ளி பாஸ் மார்க் இல்லை. கொடுப்பதற்கு இருக்கும் இடங்களின் அளவைப் பார்த்து, மாவட்டத்துக்கு ஒன்று, மொழிமூலத்துக்கு ஒன்று என்று பரீட்சை முடிந்த பிறகு போடுகிற கோடு அது. 2025 ஓகஸ்ட்டில் நாடு முழுவதும் 3 இலட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகள் எழுதினார்கள். கோட்டைத் தாண்டியது ஏறத்தாழ 6 பேருக்கு ஒருவர். அடுத்த வருடம் எல்லாப் பிள்ளைகளும் 20 புள்ளி கூடுதலாக எடுத்தால் கோடும் 20 புள்ளி மேலே போகும். தாண்டுகிறவர்களின் தொகை கூடாது. ஆகவே 5 பேர் கீழே நிற்பது இந்தப் பரீட்சையின் அமைப்பிலேயே இருக்கிறது. அந்த 5 பேரையும் "ஃபெயில்" என்று சொல்வது அநியாயம்.

பிறகு ஒரு பாடசாலையை எதை வைத்துப் பார்ப்பது? பெறுபேற்றிலேயே இன்னொரு கணக்கு இருக்கிறது. 200க்கு 70 புள்ளியும் அதற்கு மேலும் எடுத்தவர்கள் எத்தனை பேர் என்பதைப் பரீட்சைத் திணைக்களம் வேறாகக் கணக்கெடுக்கிறது. அந்தக் கணக்கில் போட்டி இல்லை. ஒரு பாடசாலையில் எல்லாப் பிள்ளைகளும் 70ஐத் தாண்டலாம். யாரும் யாருடைய இடத்தையும் பறிப்பதில்லை. எங்கள் பாடசாலையில் 70க்குக் கீழே எத்தனை பேர், போன வருடம் எத்தனை பேர் என்று கேட்கும் பெற்றோர் மிகவும் குறைவு. அந்தக் கேள்விக்குப் பெனரும் கிடையாது.

70க்குக் கீழே நிற்கும் பிள்ளை யார்? எங்கள் அனுபவத்தில், பெரும்பாலும் வாசிக்கத் தடுமாறுகிற பிள்ளை. கணக்கை வாயால் சொன்னால் விடை சொல்லும். அதே கணக்கை நாலு வரியில் எழுதிக் கொடுத்தால் இரண்டாவது வரியிலேயே நின்றுவிடும். முதலாம் வினாத்தாளில் 1 மணித்தியாலத்துக்குள் 40 வினா. எழுத்துக் கூட்டி வாசிக்கும் பிள்ளை வினாவை முடிப்பதற்குள் நேரம் போய்விடும். இது தரம் 5இல் வந்த வருத்தம் இல்லை. தரம் 2இலும் 3இலும் தொடங்கியது. பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கும்போது நடத்தும் செமினாரால் இதைக் குணப்படுத்த முடியாது. செமினார் ஏற்கெனவே 130 எடுக்கும் பிள்ளையை 145க்குக் கொண்டுபோகும். 50 எடுக்கும் பிள்ளை பின்வாங்கில் இருந்துவிட்டு வீட்டுக்குப் போகும்.

இந்தப் பரீட்சையின் வரலாற்றையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 1940களில் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா இலவசக் கல்வியையும் மத்திய கல்லூரிகளையும் கொண்டுவந்தபோது, கிராமத்து ஏழைப் பிள்ளை நல்ல பாடசாலைக்குப் போவதற்குத் திறந்த கதவு இது. அந்தத் தசாப்தம் முடிவதற்குள், 1948இல் வந்த பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத்து மக்களை நாடற்றவர்களாக்கியது. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியதே 1970களில்தான். 2014, 2015 அளவில்கூட மலையகப் பாடசாலைகளுக்கு உதவி ஆசிரியர்களை மாதம் 6,000 ரூபா கொடுப்பனவில்தான் எடுத்தார்கள். இவ்வளவு பிந்தி ஓடத் தொடங்கிய பிள்ளையைக் கொழும்புப் பிள்ளையோடு ஒரே கோட்டில் நிறுத்திவிட்டு, "ஏன் பிந்தினாய்?" என்று கேட்கிறோம்.

"உதவிப்பணம் வேண்டாமா, நல்ல ஸ்கூல் வேண்டாமா?" என்று சிலர் கேட்பீர்கள். கட்டாயம் வேண்டும். 2025 வரவு செலவுத் திட்டத்தில் அந்த மாதாந்தப் பணம் 750 ரூபாவிலிருந்து 1,500 ரூபாவாகக் கூடியது. லயத்தில் இருக்கும் ஒரு குடும்பத்துக்கு அது சின்னத் தொகை இல்லை. கோட்டைத் தாண்டக்கூடிய பிள்ளைக்கு எல்லா உதவியும் செய்யுங்கள். மற்றப் பிள்ளையை அதற்காக விட்டுவிடாதீர்கள் என்பதுதான் எங்கள் கதை.

ஏனென்றால் அந்தப் பிள்ளைக்கு ஆபத்து பரீட்சை மண்டபத்தில் இல்லை. அதற்கு அடுத்த ஜனவரியில் இருக்கிறது. பல தோட்டப் பாடசாலைகள் தரம் 5உடன் முடிகின்றன. தரம் 6க்கு மலை இறங்கி, பஸ் ஏறி வேறு பாடசாலைக்குப் போக வேண்டும். "உனக்குப் படிப்பு வராது" என்று பத்து வயதில் கேட்ட பிள்ளை, மழை நாளில் அந்தப் பஸ்ஸுக்குக் காத்து நிற்குமா? கட்டாயக் கல்வி வயது 2016இலிருந்து 16. சட்டம் அப்படி. ஆனால் அதற்கு முன்பே கொழும்புக் கடைகளுக்குப் போன பிள்ளைகளை நமக்கு எல்லோருக்கும் தெரியும்.

சிங்கப்பூரிலும் ஆரம்பப் பாடசாலை முடிவில் இப்படியொரு தேசியப் பரீட்சை உண்டு. கூடிய புள்ளி எடுத்த பிள்ளைகளின் பெயரை வெளியிடுவதை 2012இல் அந்த நாட்டு அரசாங்கம் நிறுத்திவிட்டது. பரீட்சை தொடர்ந்து நடக்கிறது. படிப்பும் குறையவில்லை.

நாங்கள் கேட்பது பெரிய விஷயங்கள் இல்லை.

பெற்றோரே, அடுத்த கூட்டத்தில் அதிபரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். 70க்குக் கீழே எத்தனை பேர்? தரம் 3இல் வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் எத்தனை பேர்? பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். வீட்டிலும் சோதிக்கலாம். பிள்ளைக்குப் பாடமான புத்தகத்தை விட்டுவிட்டு, கடையில் சாமான் சுற்றித் தந்த பத்திரிகைத் துண்டைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். உங்களுக்கு வாசிக்கத் தெரியாவிட்டாலும் பிள்ளை தடுமாறுவது காதுக்குத் தெரியும்.

டவுன் முதலாளிமாரே, பள்ளிவாசல், கோயில், தேவாலய நிர்வாகத்தினரே, பெனருக்கும் செமினாருக்கும் கொடுக்கும் பணத்தில் பாதியைக் கீழ் வகுப்புகளுக்குக் கொடுங்கள். ஒரு டிவிசனுக்கு ஒரு பெட்டி கதைப்புத்தகம், பின்னேரம் ஒரு மணித்தியாலம் கூட இருந்து வாசிக்க உயர்தரம் படித்த ஒரு தங்கச்சியோ தம்பியோ, அவர்களுக்கு ஒரு சிறிய கொடுப்பனவு. அவ்வளவுதான். கொழுந்து நிறுத்துவிட்டு அம்மா வீடு வரும்வரை பிள்ளைக்கு இருக்கவும் ஓர் இடமாகும்.

அடுத்த ரிசல்ட் வரும்போது, 40 புள்ளியில் நின்றிருக்க வேண்டிய ஒரு பிள்ளை 75 எடுத்திருந்தால் அந்த வீட்டுக்கும் போய் வாழ்த்துச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளை ஜனவரியில் பஸ் ஏறும், இன்ஷா அல்லாஹ்.