வாய் திறவாத உச்சரிப்புத் தேர்வு

நான்கு ஆங்கிலச் சொற்கள் அச்சிடப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்தின் கீழே கோடு. மூன்று சொற்களில் அந்த எழுத்து ஒரே ஒலியைத் தருகிறது. வேறுபடும் சொல் எது? அடுத்த வினாவில் மீண்டும் நான்கு சொற்கள். அழுத்தம் இடம் மாறி விழுவது எந்தச் சொல்லில்? மாணவர் விடையை வட்டமிட்டுவிட்டு அடுத்த வினாவுக்குச் செல்கிறார். உச்சரிப்பைச் சோதிக்கும் இந்தத் தேர்வில் வாய் திறக்கத் தேவையில்லை. திறந்தால் அறைக் கண்காணிப்பாளரின் அதட்டல்தான் கிடைக்கும்.

இது கற்பனை அன்று. ஜப்பானில் 1990 முதல் 2020 வரை நடைபெற்ற பல்கலைக்கழக நுழைவுக்கான மையத் தேர்வில், ஆங்கில எழுத்துத் தாளின் முதல் வினா இத்தகையதே. அதன் பிற்காலத் தாள்களில் 200 மதிப்பெண்களில் 14 இதற்கு ஒதுக்கப்பட்டிருந்தன. வியத்நாமின் மேல்நிலைப் பள்ளி இறுதித் தேர்விலும் 2024 வரை இவ்வகை வினாக்கள் இருந்தன. கூடவே, வாக்கியத்தில் பிழையான பகுதியைச் சுட்டும் வினாக்களும் இருந்தன. சீனத்தின் 'காவ்காவ்' நுழைவுத் தேர்வில் ஒரு சிறு பத்தியைக் கொடுத்து, அதில் மறைந்திருக்கும் பத்துப் பிழைகளைத் திருத்தச் சொல்வது நெடுங்கால வழக்கம்.

இந்த மூன்று நாடுகளும் அண்மைக் காலத்தில் இவ்வினாக்களைக் கைவிட்டன அல்லது ஒதுக்கத் தொடங்கின. ஆங்கில ஆசிரியராகப் பல ஆண்டுகள் பணியாற்றிய எனக்கு, அவை ஏன் கைவிட்டன என்பதைவிட, கைவிட்ட பின் எங்கே தடுமாறின என்பதே முக்கியமாகப் படுகிறது. பொது நுழைவுத் தேர்வுகள் ஒவ்வொன்றாக முளைத்துவரும் நம் நாட்டுக்கு அந்தத் தடுமாற்றத்தில் பாடம் இருக்கிறது.

முதலில், தாளில் உச்சரிப்பைச் சோதிப்பதன் நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒரே நாளில் எழுதும் தேர்வில் ஒவ்வொருவரையும் பேசவைத்துக் கேட்பது எளிதன்று. தாளில் கேட்டால் இயந்திரம் திருத்திவிடும், தேர்வாளரின் விருப்பு வெறுப்புக்கு இடமில்லை, செலவும் குறைவு. மதிப்பெண் இல்லாவிட்டால் வகுப்பில் எவரும் உச்சரிப்பைத் தொடவே மாட்டார்கள் என்ற வாதமும் உண்டு. அது முழுப் பொய் என்று சொல்ல என் அனுபவம் இடம் தரவில்லை.

ஆனால், இந்த வினா வளர்த்த திறன் வேறு. 'ஷன்' என்ற ஒலியில் முடியும் சொற்களில் அதற்கு முந்தைய அசையில் அழுத்தம் விழும். 'இக்' என்று முடிந்தாலும் அவ்வாறே. இப்படி இருபது விதிகளை மனப்பாடம் செய்தால் போதும், பெரும்பாலான வினாக்களுக்கு விடை கிடைத்துவிடும். அந்தச் சொல்லை ஒருமுறைகூட உரக்கச் சொல்லிப் பார்க்காத மாணவர் முழு மதிப்பெண் பெறலாம். சரளமாகப் பேசும் மாணவர், விதியாக யோசித்துப் பழகாததால் குழம்பித் தவறவும் விடலாம். நீச்சலுக்கான தேர்வைக் கரையில் நடத்தினால் நீச்சல் நூலைப் படித்தவர்தான் வெல்வார்.

தமிழ் மாணவருக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் 'போட்டோகிராப்' என்ற சொல்லில் அழுத்தம் முதல் அசையில்; 'போட்டோகிராபர்' என்னும்போது இரண்டாவதில்; 'போட்டோகிராபிக்' என்னும்போது மூன்றாவதில். தமிழ் எழுத்தில் இவற்றை எழுதினால் இந்த இடமாற்றம் சிறிதும் தெரிவதில்லை. சொல்லின் பொருளைப் பிரித்துக் காட்டும் வேலையை அழுத்தத்துக்குத் தராத மொழி நம்முடையது. சொல்லின் இறுதியில் வல்லின மெய் நிற்பதும் நம் நாவுக்கு இயல்பன்று. அதனால்தான் 'ஆஸ்க்ட்' என்பது குற்றியலுகரம் பெற்று 'ஆஸ்க்டு' ஆகிறது. இது சோம்பலோ அறியாமையோ அன்று. தாய்மொழியின் ஒலி ஒழுங்கு. எழுத்துகள் பிறக்கும் இடத்தையும் முயற்சியையும் ஆராய்வதற்கென்றே 'பிறப்பியல்' என ஓர் இயலை வகுத்தது தொல்காப்பியம். ஒலி என்பது உடலின் வேலை என்பதை அவ்வளவு முன்பே உணர்ந்த மரபில் வந்த நாம், உடலை அசைக்காமல் ஒலியைக் கற்பிக்கலாம் என்று நம்புவதற்கில்லை.

பிழை திருத்தம் இதைவிட நுட்பமான விஷயம். அதன் பயனை நான் மறுக்க மாட்டேன். தான் எழுதியதைத் தானே படித்துப் பிழை களையத் தெரிந்தவரே நன்றாக எழுதுபவர். ஆனால் நுழைவுத் தேர்வு தருவது பிறர் இட்ட பொறி. எழுவாய் ஒருமை, பயனிலை பன்மை. 'சின்ஸ்' வர வேண்டிய இடத்தில் 'ஃபார்'. இப்படி ஒரு டஜன் வகைப் பொறிகள் திரும்பத் திரும்ப வருகின்றன. பயிற்சி நூல்கள் அவற்றை எண்ணிட்டுத் தருகின்றன. என்னிடம் படித்த ஒரு மாணவி பிழை காணும் பயிற்சித் தாளில் இருபதுக்குப் பதினெட்டு வாங்குவார். அதே மாணவி கல்லூரிக்கு எழுதிய விண்ணப்பக் கடிதத்தில், பயிற்சித் தாளில் பிடித்த அதே பிழைகள் வரிக்கு வரி இருந்தன. கோடிட்ட பகுதிகளில் பிழையைத் தேடப் பழகிய கண்ணுக்குத் தன் வாக்கியத்தில் கோடு எங்கே என்று தெரியவில்லை. குறை அவரிடம் இல்லை. நான் கற்பித்த முறையில் இருந்தது.

தமிழ் மாணவர் உண்மையில் செய்யும் பிழைகள் வேறு இடத்தில் பிறக்கின்றன. 'அதைப் பற்றி விவாதித்தோம்' என்று நினைப்பவர் 'டிஸ்கஸ்' என்ற வினைக்குப் பின் 'அபவுட்' சேர்க்கிறார். 'எ', 'தி' ஆகியவற்றுக்கு ஈடான சொற்கள் நம்மிடம் இல்லாததால் அவற்றை விடுகிறார், அல்லது வேண்டாத இடத்தில் சேர்க்கிறார். 'நேற்றுதான் வந்தார்' என்பதன் 'தான்' ஆங்கிலத்துக்குப் போய் 'யெஸ்டர்டே ஒன்லி' ஆகிறது. கடைசியில் சொன்னது பிழையா, இந்திய ஆங்கிலத்தின் வழக்கா? இங்கே நம் இலக்கணம் ஒரு நல்ல சொல்லைத் தருகிறது. வழாநிலை, வழு ஆகியவற்றோடு நில்லாமல், தக்க காரணத்தால் ஏற்கப்படும் 'வழுவமைதி' என்ற மூன்றாம் நிலையையும் நம் இலக்கண ஆசிரியர்கள் வைத்தனர். கொள்குறி வினாவுக்கு அந்த மூன்றாம் நிலை தெரியாது. அதற்குச் சரி, தவறு என்ற இரண்டே அறைகள். வாழும் மொழி அந்த இரண்டு அறைகளுக்குள் அடங்குவதில்லை.

இனி, சீர்திருத்தம் எங்கே இடறியது என்று பார்ப்போம். ஜப்பான் 2021 ஜனவரியில் தொடங்கிய புதிய பொதுத் தேர்வில் உச்சரிப்பு வினாக்களையும் தனித்த இலக்கண வினாக்களையும் நீக்கியது. வாசித்தலுக்கு 100, கேட்டலுக்கு 100 எனச் சம மதிப்பெண் தந்தது. அதுவரை சரியே. ஆனால், பேசுதலையும் எழுதுதலையும் அளக்க, 'டோஃபல்', 'ஐஇஎல்டிஎஸ்', 'எய்கென்' போன்ற வெளியார் தேர்வுகளின் மதிப்பெண்ணைப் பயன்படுத்தத் திட்டமிட்டது. அங்கேதான் சமூகம் விழித்துக்கொண்டது. சில தேர்வுகளுக்கு ஒருமுறை எழுதவே 25,000 யென்னுக்கு மேல் கட்டணம். பெருநகரங்களில் மையங்கள் ஏராளம். தீவுகளிலும் மலையோர ஊர்களிலும் வசிப்போர் பயணச் செலவும் தங்கும் செலவும் ஏற்க வேண்டும். வசதியுள்ளவர் பலமுறை எழுதிப் பழகலாம். இல்லாதவருக்கு அந்த வாய்ப்பில்லை.

2019 அக்டோபரில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் இதுபற்றிக் கேட்கப்பட்டபோது, மாணவர்கள் தத்தம் நிலைமைக்கு ஏற்பப் போட்டியிடட்டும் என்ற பொருளில் கல்வி அமைச்சர் கொய்ச்சி ஹகியுதா பதிலளித்தார். 'வரவுக்குத் தக்க படிப்பு' என்று அரசே சொல்வதாக மக்கள் அதைப் புரிந்துகொண்டனர். எதிர்ப்பு வலுத்தது. நவம்பர் 1 அன்று திட்டம் தள்ளிவைக்கப்பட்டது. 2021இல் முற்றிலும் கைவிடப்பட்டது. ஆக, பேசாமல் உச்சரிப்பை அளந்த பழைய வினாவும் போயிற்று. பேச்சை அளக்கும் புதிய தேர்வும் வரவில்லை. மோசமான அளவுகோலை எறிவது எளிது. நல்ல அளவுகோலுக்கு யார் விலை கொடுப்பது என்ற கேள்விக்கு விடை காண்பதுதான் கடினம்.

சீனத்தின் குவாங்டோங் மாகாணம் வேறு வழியைத் தேர்ந்தது. அங்கே 2011 முதல் கணினி வழியாகக் கேட்டல், பேசுதல் தேர்வு நுழைவுத் தேர்வின் பகுதியாகவே நடக்கிறது. புதிய முறைத் தேசிய வினாத்தாள்களில் பத்துப் பிழை திருத்தும் வினா விலகி, ஒரு கதையின் தொடக்கத்தைக் கொடுத்து மீதியை எழுதச் சொல்லும் வினா வந்திருக்கிறது. வியத்நாமோ 2025 முதல் ஆங்கிலத்தை விருப்பப் பாடமாக்கி, உச்சரிப்பு, பிழை காணல் வினாக்களை விடுத்து வாசிப்பில் கவனம் செலுத்துகிறது. பேசுதலை அது இன்னும் தொடவில்லை.

இந்தியாவில் நிலைமை கலவையானது. தேசியப் பாதுகாப்பு அகாதெமிக்கான நுழைவுத் தேர்வில் பொதுத் திறன் தாளின் 600 மதிப்பெண்களில் 200 ஆங்கிலத்துக்கு. பிழை காணல் அதில் நிலையான பகுதி. மறுபுறம், தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான 'கிளாட்' தேர்வு 2020இல் தனித்த இலக்கண வினாக்களை விட்டுப் பத்தி வாசிப்புக்கு மாறியது. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான 'கியூட்' தேர்வு 2022இல் வந்தது; அதே ஆண்டு ஏப்ரலில் தமிழ்நாடு சட்டப்பேரவை அதை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. பிளஸ் டூ மதிப்பெண்ணின் அடிப்படையில் கல்லூரிக்குச் செல்லும் நம் மாநில மாணவர் பலர், பயிற்சி மையங்களின் கதவைத் தட்ட வேண்டிவரும் என்பது அந்த எதிர்ப்பின் மையக் கவலை.

அந்தக் கவலை ஆங்கிலத்துக்கு இரட்டிப்பாகப் பொருந்தும். இயற்பியலை அரசுப் பள்ளி ஆசிரியர் கற்பித்துவிடலாம். காதில் விழும் ஆங்கிலத்தையோ வீடும் தெருவும்தான் பெரும்பாலும் தருகின்றன. நம் தேர்வுகளில் உச்சரிப்பு வினா அரிது என்பது உண்மையே. ஆனால் உச்சரிப்பு நம்மை விடுவதில்லை; அது நேர்முகத் தேர்வு அறையில் காத்திருக்கிறது. அங்கே மதிப்பெண் பட்டியல் இல்லை, விடைக்குறிப்பு இல்லை, மேல்முறையீடும் இல்லை. வாயைத் திறந்த முதல் வாக்கியத்திலேயே ஒருவரின் ஊரும் பள்ளியும் வெளிப்பட்டுவிடுகின்றன. தீர்ப்பும் அப்போதே எழுதப்பட்டுவிடுகிறது.

எனவே எது 'சரியான' உச்சரிப்பு என்ற கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. ஹைதராபாதின் மத்திய ஆங்கில நிறுவனத்தைச் சேர்ந்த ஆர்.கே. பன்சால், இந்தியரின் ஆங்கிலம் பிறருக்கு எவ்வளவு புரிகிறது என்பதை 1960களிலேயே ஆராய்ந்தார். சொல்லழுத்தம் இடம் மாறுவதைப் புரியாமைக்கான முக்கியக் காரணங்களில் ஒன்றாக அவர் கண்டார். அவர் எடுத்துக்கொண்ட அளவுகோல் கவனிக்கத்தக்கது. பிரித்தானியர்போல ஒலிக்கிறதா என்பதன்று கேள்வி. கேட்பவருக்குப் புரிகிறதா என்பதே. இந்த அளவுகோலை ஏற்றால் அழுத்தத்தைக் கற்பிப்பது அவசியம். 'ஆஸ்க்டு' என்பதற்காக ஒருவரை நகைப்பது அநாகரிகம்.

என் பரிந்துரைகள் எளியவை. பிழை திருத்தத்தை மாணவரின் சொந்த எழுத்திலிருந்தே தொடங்க வேண்டும். வாரம் ஒரு பத்தி எழுதி, மறுவாரம் அதைத் தானே திருத்துவது பயிற்சி நூல்களின் நூறு வினாக்களைவிடப் பயன் தரும். உச்சரிப்பை உரக்க வாசித்தும் ஒலிப்பதிவில் தன் குரலைக் கேட்டுமே கற்க வேண்டும். நம் அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் அமைக்கப்பட்டுள்ள உயர் தொழில்நுட்ப ஆய்வகங்களை இதற்குப் பயன்படுத்தலாம். பேசுதலுக்கு மதிப்பெண் தருவதானால், முதலில் பள்ளியில் கற்பித்த பிறகு தர வேண்டும். கட்டணமின்றி, மாணவரின் சொந்தப் பள்ளியிலேயே நடத்த வேண்டும். இந்த வரிசை மாறினால் ஜப்பானுக்கு நேர்ந்ததுதான் நமக்கும் நேரும். ஒரு வேறுபாடு உண்டு. அங்கே மக்கள் குரல் எழுப்பினார்கள், திட்டம் நின்றது. இங்கே நேர்முக அறைகளில் நாள்தோறும் நடப்பதற்கு எதிராகக் குரல் எழுப்ப, அந்த அறையிலிருந்து தலைகுனிந்து வெளியேறும் மாணவருக்குத் துணிவு வருவதில்லை.

அந்தத் துணிவு பிறக்க வேண்டிய இடம் வகுப்பறை. நாற்பது பேர் உள்ள வகுப்பில் ஒரு பாடவேளைக்குப் பத்துப் பேராவது வாய் திறந்து பேச வேண்டும், பிழையோடு பேசினாலும் பரவாயில்லை. அமைதியான வகுப்பே நல்ல வகுப்பு என்று நானும் ஒரு காலத்தில் நம்பியவன்தான்.