பீயுருட்டிக்குப் பெயர் யார் வைத்தது?

"நம்ம பூச்சிக்கெல்லாம் வெள்ளைக்காரன் அவன் பேரை வெச்சுத் தூக்கிட்டுப் போயிட்டான் சார்." திருச்சியில் எந்த இலக்கியக் கூட்டத்துக்குப் போனாலும் இப்படி ஒரு புலம்பல் காதில் விழுகிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை. திருட்டு என்றால் காணாமல் போன பொருள் எது என்று சொல்ல வேண்டும். நாம் எழுதி வைத்திருந்த பெயர் எது?

ஆன்தொஃபேகஸ் பேரினத்தையே எடுத்துக்கொள்வோம். ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரையோரம் சாணத்தைக் குச்சியால் கிளறினால் கறுப்பாக ஓடி மறையும் சின்ன வண்டுகளில் பல இந்த வகைதான். 1802இல் லாத்ரேய் இந்தப் பேரினத்தை வகுத்தார். கிரேக்கத்தில் 'சாணந்தின்னி' என்று பொருள். கூச்சமே இல்லாத பெயர். இன்று இதில் 2,000க்கும் மேற்பட்ட இனங்கள்.

நம் பக்கத்து இனங்கள் சிலவற்றுக்கு அதற்கு முன்பே பெயர் வைத்தவர் லின்னேயஸின் மாணவர் யோஹான் கிறிஸ்டியன் ஃபாப்ரிசியஸ். (தமிழ் அகராதி போட்ட பாதிரியார் ஃபாப்ரிசியஸ் வேறு, அவர் இங்கேயே வாழ்ந்தவர்.) இவர் இந்தியா பக்கமே வந்ததில்லை. தரங்கம்பாடியில் இருந்த டால்டார்ஃப் என்ற டேனிஷ் படை அதிகாரி பூச்சிகளைப் பிடித்து அனுப்பினார். அவற்றில் பலவும் 1798இல் வந்த ஃபாப்ரிசியஸின் நூலில் ஏறின. ஆண் வண்டுகளுக்குக் கொம்பு இருக்கிறதா, அவ்வளவுதான்: டாமா, செர்வஸ், கசெல்லா, பொனாசஸ் என்று மான், காட்டெருது பெயராகச் சூட்டித் தள்ளினார். நம்மூர்ச் சாணி வண்டுக்கு ஐரோப்பியக் கலைமான் பட்டம்!

அதோடும் முடியவில்லை. ஃபாப்ரிசியஸ் பொனாசஸை 1775இல் ஸ்காரபியஸில் வைத்தார். பிறகு அது ஆன்தொஃபேகஸுக்குப் போனது. 1959இல் பால்தசார் பிரித்த டிஜிடான்தொஃபேகஸில் இப்போது குடியிருக்கிறது. கசெல்லா என்ற ஒரே பெயருக்குள் பல ஆப்பிரிக்க இனங்கள் கலந்து கிடந்ததை ஜெனியேயும் மொரெத்தோவும் 2017இல்தான் பிரித்துக் காட்டினார்கள். பட்டா மாறிக்கொண்டே இருக்கிறது. ஆனால் முதலில் பதிந்தவன் பெயர் போகாது. பேரினம் மாறினால் அடைப்புக்குறிக்குள் போகும், அவ்வளவே. இதில் சதி எதுவும் இல்லை. பதிவேடு.

நம் பதிவேட்டில் என்ன இருக்கிறது? 'பீயுருட்டி'. அருமையான சொல், ஆனால் ஆன்தொஃபேகஸ் பெரும்பாலும் உருட்டுவதில்லை. சாணத்துக்கு நேர் கீழே வளை தோண்டி உள்ளே இழுத்துக்கொள்கிறது. உருட்டுகிற கூட்டம் வேறு. இரண்டுக்கும் ஒரே பெயரைச் சொல்லிவிட்டு நாம் கைகழுவிவிட்டோம்.

தமிழுக்குச் சொல் பஞ்சமா? அதே டால்டார்ஃப் எழுதிப் புகழடைந்த மீனின் பெயர் பனையேறி. அந்தத் தமிழ்ப் பெயர் ஐரோப்பிய நூல்களில் ஏறியது. கெளுத்தி, மிஸ்டஸ் கெலெடியஸ் ஆகி லத்தீனிலேயே உட்கார்ந்துவிட்டது. மீனவரிடம் யாரோ கேட்டார்கள், எழுதினார்கள். சாணி அள்ளியவரிடம் யார் கேட்டது? கொட்டில் கூட்டிய பெண்களுக்கும் பண்ணையாட்களுக்கும் இந்த வண்டுகளை வகை பிரித்துச் சொல்லத் தெரிந்திருக்கலாம். வெள்ளைக்காரன் கேட்கவில்லை, சரி. எழுத்தாணி பிடித்த நம்மாள் கேட்டானா? தீட்டு என்று தள்ளி நின்றவன்தானே இன்று "திருடிட்டான்" என்கிறான்.

ஆஸ்திரேலியாவில் மாட்டுச் சாணம் மட்காமல் காய்ந்து கிடந்து ஈ பெருகியதால், 1968 முதல் கசெல்லாவை வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். நமக்குச் சும்மா கிடைத்த வண்டு. குடற்புழுவுக்கு மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் சாணத்தில் இறங்கி இதன் புழுக்களைக் கொல்கிறது. எந்த வண்டு குறைந்தது என்று கொட்டில்காரர் சொல்ல வேண்டுமானால், அவர் வாயில் அதற்கொரு பெயர் வேண்டும்.

மேலூரில் வண்ணத்துப்பூச்சிக்குப் பூங்கா இருக்கிறது, இருக்கட்டும். பீயுருட்டிக்கு நான் பூங்கா கேட்கவில்லை. இரண்டு பேர் என்னோடு மாட்டுக்கொட்டில்களுக்கு வந்தால் போதும். வயதான அம்மாக்கள் இன்னும் இருக்கிறார்கள், கேட்போம். 'பீ' என்று எழுதக் கூசுகிறவர்கள் வர வேண்டாம்.