யாருடைய அழுகை?

குணங்குடி மஸ்தான் சாகிபின் பாடல்களைக் கேட்டுக் கண் கலங்குவோரைப் பார்த்து நகைக்கும் புலவர்கள் நம்மிடையே உண்டு. ஞானியின் அந்தரங்க முறையீட்டில் பாமரர் தம் வீட்டுக் கவலையைத் தேடலாமா என்பது அவர்கள் கேள்வி.

பழவேற்காட்டுக்கு வந்து கேட்கட்டும். முகத்துவாரம் மணலால் தூர்ந்தால் ஏரியில் மீன்வரத்துக் குறையும். வலைக்காரரோடு கடைத்தெருவும் சோர்ந்துவிடும் ஊர் இது. இங்கே பனையோலைக் கூடை முடையும் முஸ்லிம் பெண்ணொருத்தி, தன்னைப் பாவியென்று சொல்லி இறைவனிடம் மன்றாடும் அக்குரலைக் கேட்கிறாள். மகனைக் கடிந்து அனுப்பிய நாள் அவள் நெஞ்சில் எழுகிறது. ஓலை கையிலேயே நிற்கிறது. இது குற்றமா?

மஸ்தான் தம் பிழைகளுக்கு ஊரும் நாளும் குறித்து வைக்கவில்லை. ஈரடிக் கண்ணியில் ‘நான்’ என்றார். பாடுகிற வாய் எதுவோ, அந்த ‘நான்’ அதனுடையதாகிவிடுகிறது. தொண்டிக்கு அருகே பிறந்து, சென்னையில் 1838இல் மறைந்த அவர்மீது நான்மணிமாலை பாடிய திருத்தணிகைச் சரவணப்பெருமாளையர் நம் மார்க்கத்தவர் அல்லர். அவருக்குத் திறந்திருந்த கதவை, தொழுகை முடித்து ஓலையை எடுக்கும் நம் பெண்ணுக்குச் சாத்துவதா?

தம் ஆசையைப் பாட்டில் ஏற்றி, மஸ்தான் சொன்னதே இதுதான் என்று சாதிப்போரும் இருக்கிறார்கள். அதை நானும் ஏற்கேன். ஆனால் அவள் எதையும் சாதிக்கவில்லையே! அழுகிறாள், அவ்வளவுதான். மனோன்மணியின் தத்துவத்தைப் புலவர்கள் விளக்கட்டும், அமர்ந்து கேட்போம். அவளை மட்டும் பாட்டின் நடுவே நிறுத்தி, “இது உன்னைப் பற்றியதன்று” என்று சொல்ல வேண்டாம்.