கிணற்றடியை அளந்தோம், ஆச்சியின் நடையை அளக்கவில்லை

முதியவர் ஒருவர் விழுந்துவிட்டால் எமது ஊர்களில் வழமையாகச் சொல்லும் வார்த்தை ஒன்று உண்டு: "வயசு போச்சுது, விழத்தானே செய்யும்." நானும் பல வருடங்கள் இதைச் சொல்லி வந்தவன். இன்று அது தவறு என்று எழுதுவதற்கு எனக்கு ஒரு காரணம் இருக்கிறது.

2010ஆம் ஆண்டு வன்னியில் மக்கள் மீளக்குடியேறிய ஒரு கிராமத்தில் பணியாற்றினேன். அப்போது நான் இளம் குரு. தறப்பாள் கொட்டில்களில் இருந்த குடும்பங்களுக்கு மலசலகூடம் கட்டிக்கொடுக்கும் வேலை எமது பொறுப்பில் இருந்தது. கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையே இருக்கவேண்டிய தூரத்தை நாடா பிடித்து அளந்தோம். மாரி வெள்ளம் புகாதபடி தரையை உயர்த்தி, வாசலில் இரண்டு படி வைத்தோம். வரைபடத்தில் கையொப்பமிட்டவன் நான். எல்லாம் சுகாதார விதிப்படி சரியாகவே இருந்தது.

மாரி தொடங்கி இரண்டொரு கிழமைக்குள், எழுபது வயது கடந்த ஓர் ஆச்சிக்கு நோயில்பூசுதல் கொடுக்க வரும்படி ஆள் வந்தது. போய்ப் பார்த்தபோது அவர் பாயில் கிடந்தார். ஒரு கால் மற்றக் காலைவிடக் கட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தது. ஐந்து நாட்களுக்கு முன் இரவு மலசலகூடப் படியில் சறுக்கி விழுந்திருக்கிறார். கைவிளக்கு காற்றுக்கு அணைந்துவிட்டது. பிடிப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. மகள் எண்ணெய் தேய்த்து, புக்கை கட்டியிருந்தார். ஏன் வைத்தியசாலைக்குப் போகவில்லை என்று கேட்டேன். ஆச்சியே பதில் சொன்னார்: "பிள்ளையளுக்கு ஏன் சுவாமி கரைச்சல்? ரெண்டு நாளிலை எழும்பீடுவன் எண்டு நினைச்சன்."

வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். இடுப்பு மூட்டருகே தொடை எலும்பு முறிந்திருந்தது. அதற்குள் படுக்கைப்புண் வந்து, நெஞ்சிலும் சளி கட்டிவிட்டது. ஆச்சி வீடு திரும்பவில்லை.

கிணற்றுக்கும் குழிக்கும் உள்ள தூரத்தை அளந்த நாங்கள், ஆச்சியின் பாய்க்கும் அந்தப் படிக்கும் உள்ள தூரத்தை அளக்கவில்லை. அவர் வயதினால் விழவில்லை. நாங்கள் கட்டிய படியில் விழுந்தார்.

இடம்பெயர்ந்த குடும்பங்களாகிய உங்களுக்கு இதில் இன்னொன்றும் விளங்கும். ஐம்பது வருடம் ஒரே வளவில் வாழ்ந்தவருக்கு அந்த வளவு காலுக்குத் தெரியும். எந்த இடத்தில் மாமர வேர் மேலே கிளம்பியிருக்கிறது, கிணற்றடியில் எந்தப் பக்கம் பாசி பிடிக்கும், வாசற்படி எவ்வளவு உயரம் என்பதெல்லாம் விளக்கில்லாமலே தெரியும். இடம்பெயர்ந்தபோது வீட்டையும் மாட்டையும் மட்டும் நாம் இழக்கவில்லை. முதியவர்களின் கால்கள் தமக்குத் தெரிந்த நிலத்தையும் இழந்தன. நலன்புரி நிலையத்தில் ஒன்று, உறவினர் வீட்டில் ஒன்று, தற்காலிகக் கொட்டிலில் ஒன்று என்று எத்தனை புதிய வாசற்படிகள்! இருபது வருடம் கழித்துச் சொந்தக் காணிக்குத் திரும்பியவர்களுக்கும் அது பழைய வளவு அல்ல. இடிந்த அத்திவாரமும் தூர்ந்த கிணறும் பற்றையுமாகவே கிடந்தது. ஆகவே முதியோர் விழுவது இடம்பெயர்வின் காயங்களில் ஒன்று என்றே நான் எண்ணுகிறேன். ஆனால் இழப்புப் பட்டியல் எழுதியபோது இதை எவரும் எழுதவில்லை.

இது சிறிய விடயமும் அல்ல. உலகில் ஒவ்வொரு வருடமும் ஏறக்குறைய 684,000 பேர் விழுந்து இறக்கின்றனர் என உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. இவர்களுள் 60 வயதைக் கடந்தவர்களே அதிகம். நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்ட மரணங்கள் எம்முடையதைப் போன்ற வருமானம் குறைந்த, நடுத்தர வருமானமுள்ள நாடுகளிலேயே நிகழ்கின்றன. வயது எல்லா நாட்டிலும் போகிறது. அப்படியானால் இந்த வேறுபாட்டுக்கு வயதை மட்டும் காரணம் சொல்ல முடியுமா?

"சுவாமி, எங்களுக்கு ஒழுங்கான வீடே இல்லை, இதிலே கைபிடி வேறு வேண்டுமா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் நான் சொல்லப்போகும் காரியங்களில் அநேகமானவை ஒரு நாள் வேலையும் கொஞ்சப் பணமும்தான்.

முதலில் இரவு நடையைக் கவனியுங்கள். படுக்கும் இடத்திலிருந்து மலசலகூடம் வரை நீங்களே ஒருமுறை இருட்டில் நடந்து பாருங்கள். கால் தடுக்கும் கல்லையும் வேரையும் கொட்டில் கட்டிய கயிற்றையும் அகற்றுங்கள். வழி நெடுகத் தடி நட்டு, இடுப்பளவு உயரத்தில் பிடித்து நடக்க ஒரு கயிறு இழுத்துக் கட்டுங்கள். படி விளிம்பில் சுண்ணாம்பு பூசினால் மங்கிய கண்ணுக்கும் அது தெரியும். மலசலகூடத்தினுள் குந்தி எழும்பப் பிடிப்பதற்கு ஒரு இரும்புக் குழாயையோ வைரமான தடியையோ சுவரில் உறுதியாகப் பதியுங்கள். இரவில் வெளியே போக முடியாதவருக்குப் படுக்கையருகே ஒரு பாத்திரம் வைப்பதில் வெட்கம் இல்லை. தலைமாட்டில் ஒரு ரோச் லைட் இருக்கட்டும். கிணற்றடிச் சீமெந்தைக் கிழமைக்கு ஒருமுறை தேய்த்துப் பாசி போக்குங்கள். அடி தேய்ந்த செருப்பை முதியவருக்குக் கொடுக்காதீர்கள். குதியைப் பிடித்திருக்கும் வார் உள்ளதே நல்லது.

இரண்டாவது, உடம்பைக் கவனியுங்கள். கால் பலத்தையும் சமநிலையையும் வளர்க்கும் பயிற்சி, முதியோர் விழுவதை ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைக்கிறது என்பது பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் நிறுவப்பட்டது. இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். உறுதியான ஒரு கதிரையைச் சுவரோடு ஒட்டி வைத்து, அதில் இருந்து எழும்பி, திரும்ப இருந்து, இப்படிப் பத்துத் தடவை செய்யலாம். மேசையைப் பிடித்தபடி குதிக்காலை உயர்த்தி இறக்கலாம். பக்கத்தில் ஒருவர் நிற்க, ஒரு காலில் சில விநாடிகள் நிற்கலாம். ஊன்றுகோல் பிடிப்பவர் நேராக நின்று கையைத் தொங்கவிட்டால், கோலின் பிடி மணிக்கட்டு மட்டத்தில் இருக்கவேண்டும். பலவீனமான காலுக்கு எதிர்ப்பக்கக் கையிலேயே கோலைப் பிடிக்கவேண்டும். அடியில் இறப்பர் இருக்கவேண்டும்.

கண்ணில் வெண்படலம் வளர்ந்திருந்தால் கிளினிக்குக்குக் கூட்டிச் செல்லுங்கள். அதை அகற்றும் சத்திரசிகிச்சை அரச வைத்தியசாலைகளில் செய்யப்படுகிறது. பார்வை தெளிந்தவர் குறைவாகவே விழுவார். நித்திரைக் குளிசையும் சில இரத்த அழுத்தக் குளிசைகளும் எழும்பும்போது தலைச்சுற்றைத் தரும். ஆகவே குடிக்கும் எல்லாக் குளிசைகளையும் ஒரு பையில் போட்டு வைத்தியரிடம் காட்டுங்கள், நீங்களாக நிறுத்தவேண்டாம். படுக்கையை விட்டு எழும்புபவர் சிறிது நேரம் கால் தொங்கவிட்டு இருந்து, பிறகு நிற்கட்டும். குரக்கன், நெத்தலி, முட்டை, பயறு, கீரை என்பவை எலும்புக்கும் தசைக்கும் வேண்டியவை. பிள்ளைகளுக்குப் போதாது என்று தம் பங்கை ஒதுக்கி வைக்கும் ஆச்சிமார் இன்னும் எங்கள் குடிசைகளில் இருக்கிறார்கள். அவர்களுடைய கோப்பையையும் பாருங்கள்.

இவ்வளவும் செய்தும் ஒருவர் விழலாம். அப்போது பதறி உடனே தூக்கவேண்டாம். எங்கே நோகிறது என்று கேளுங்கள். நோவில்லை என்றால், அவரைப் பக்கவாட்டில் திருப்பி, முழங்காலில் ஊன்றி, கதிரையைப் பிடித்துத் தானாக எழும்ப உதவுங்கள். இடுப்பிலோ கவட்டிலோ நோவு இருந்து காலை ஊன்ற முடியாவிட்டால், அல்லது கால் கட்டையாகி வெளியே திரும்பியிருந்தால், அது முறிவு என்றே எண்ணிக்கொள்ளுங்கள். இழுக்கவேண்டாம், எண்ணெய் தேய்க்கவேண்டாம், சாப்பாடு கொடுக்கவேண்டாம். மோட்டார் சைக்கிளில் இருவருக்கு நடுவே இருத்திக் கொண்டுபோகவே கூடாது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் வரும். அதற்குப் பணம் இல்லை. அது வரும்வரை விழுந்தவரைப் போர்த்தி வைத்திருங்கள். கழுத்திலோ முதுகிலோ நோவு என்றால் அசைக்காதீர்கள்.

கையை ஊன்றி விழுந்து மணிக்கட்டு வீங்கினால், வீக்கம் கூடுமுன் காப்பையும் மோதிரத்தையும் கழற்றி, சேலைத் துணியால் கையைக் கழுத்தில் தூக்கிக் கட்டி வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். தலை அடிபட்டவருக்கு வாந்தி, மயக்கம், கூடிக்கொண்டுபோகும் தலையிடி, பேச்சுத் தடுமாற்றம் வந்தால் தாமதிக்கக்கூடாது. இரத்தம் உறையாமல் இருக்க மருந்து குடிப்பவர் தலையடிபட்டால், நன்றாக இருப்பதுபோலத் தெரிந்தாலும் காட்டவேண்டும். தலைக்குள் கசியும் இரத்தம் சில கிழமைகள் கழித்துக்கூட மயக்கத்தையும் தடுமாற்றத்தையும் உண்டாக்கும்.

முறிவு நெரிவு வைத்தியம் எம்மவரின் நீண்டகால அறிவு. அதை நான் இகழவில்லை. ஆனால் இடுப்பு மூட்டருகே முறிந்த எலும்பைப் புக்கை கட்டிப் பொருத்த முடியாது. அதற்குச் சத்திரசிகிச்சை வேண்டும். அதுவும் ஒன்றிரண்டு நாட்களுக்குள் செய்வது நல்லது. ஆகவே எந்த முறிவானாலும் முதலில் எக்ஸ்றே எடுங்கள்.

சத்திரசிகிச்சைக்குப் பிறகுதான் நாம் அன்பினால் ஒரு பெரிய பிழை விடுகிறோம். "அம்மா, அசையாமல் படுங்கோ" என்கிறோம். முதியவரைக் கொல்வது பெரும்பாலும் முறிவு அல்ல, படுக்கைதான். அசையாமல் கிடந்தால் நியூமோனியா, படுக்கைப்புண், காலில் இரத்தக்கட்டி என்பவை வரும். வைத்தியர் அனுமதித்தால் மறுநாளே எழுப்பி இருத்தி, தாங்கிப் பிடித்து நிற்க வைக்கவேண்டும். ஒருமுறை விழுந்தவரை "இனி நடக்கவேண்டாம்" என்று கதிரையில் இருத்திவிடுவதும் இதே பிழைதான். நடக்காத கால் பலமிழக்கும். பலமிழந்த கால் மறுபடி விழுத்தும்.

கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கும் மாதர் சங்கத்துக்கும் முதியோர் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊருக்கு வீட்டுத்திட்டமோ மலசலகூடத் திட்டமோ கொண்டுவருபவர்கள் ஒரே வரைபடத்தையே எல்லாருக்கும் கொண்டுவருவார்கள். கையொப்பமிடுமுன் "இந்தப் படிக்குக் கைபிடி எங்கே?" என்று கேளுங்கள். வரைபடத்தைக் கூட்டத்தில் உள்ள மூத்தவரிடம் காட்டி, "இதில் உங்களால் இரவில் ஏற முடியுமா?" என்றும் கேளுங்கள். எங்களைப் போன்ற நிறுவனங்களிடமும் கேளுங்கள். 2010இல் எவராவது என்னிடம் அப்படிக் கேட்டிருந்தால், இரண்டடிக் குழாய் ஒன்றோடு அந்த வேலை முடிந்திருக்கும்.

முதியவர்கள் விழுந்ததை மறைப்பார்கள். தாங்கள் பாரம் என்று நினைப்பதால் மறைப்பார்கள். காணியின் எல்லை எது, பழைய வாய்க்கால் எங்கே ஓடியது, எந்த நெல் எந்த மண்ணுக்கு ஏற்றது என்பதெல்லாம் அவர்களுடைய நினைவில்தான் எங்களோடு திரும்பி வந்தது. அவர்கள் பாரம் அல்ல என்பதை வாயால் சொன்னால் போதாது. இன்று மாலை, பொழுதுபடுமுன், வீட்டில் இருக்கும் ஆச்சியையோ அப்புவையோ கையில் பிடித்து, "கடைசியாக எப்போ விழுந்தனீங்கள்?" என்று கேளுங்கள். அவர் காட்டும் இடத்தில் ஒரு தடியை நட்டு, கயிற்றைக் கட்டுங்கள்.