நாலு பேரை மட்டும் வளர்த்துட்டேன்

"டேய், அவன் வந்து அடிக்கிற வரைக்கும் நீ ஏன்டா சும்மா நிக்கிற?"

ஆக்டோபாத் டிராவலர் ஆடிட்டு இருந்தப்போ என் ரூம்மேட் பின்னாடி நின்னு கேட்ட முதல் கேள்வி. ரெண்டாவது கேள்வி: "இது எந்த வருஷத்து கேம்?" 2018ன்னு சொன்னேன், நம்பல. அவன் மேல தப்பில்லை. ஸ்க்ரீன்ல வலது பக்கம் நாலு பொம்மை, இடது பக்கம் ரெண்டு தவளை மாதிரி ஏதோ, ஒருத்தர் அடிச்சு முடிச்சதும் அடுத்தவர். பார்க்கிறவனுக்கு இது சண்டையே இல்லை, பஸ் ஸ்டாப் க்யூ.

இந்த மாதிரி கேம் பிடிக்கும்னு சொன்னாலே "நாஸ்டால்ஜியா"ன்னு ஒரு வார்த்தையில முடிச்சிடுறாங்க. எனக்கு அது பொருந்தவே பொருந்தாது. ஜப்பான்ல சூப்பர் ஃபாமிகாம் 1990ல வந்துச்சு. ஃபைனல் ஃபேன்டஸி 6 வந்தது 1994. நான் பொறக்கவே இல்லை. எங்க வீட்ல டிவில மாட்டி ஆடின கேசட்ல மரியோ இருந்துச்சு, கான்ட்ரா இருந்துச்சு, வாத்து சுடுறது இருந்துச்சு. கதை படிச்சுக்கிட்டே ஆடுற ஜப்பான் ஆர்பிஜி ஒண்ணுகூட இல்லை. ஃபோன்ல எமுலேட்டர் போட்டு போக்கிமான் ஆடினதுதான் எனக்கும் டர்ன்-பேஸ்டுக்கும் இருந்த ஒரே உறவு. இல்லாத ஒண்ணை நினைச்சு எப்படி ஏங்குறது? அதனால இந்த கேம் எனக்குப் பிடிச்சதுக்கும் சரி, கடைசியில செம கடுப்பானதுக்கும் சரி, காரணத்தை கேமுக்குள்ளதான் தேடணும்.

முதல்ல பிடிச்சது. (கதையோட முக்கியமான முடிச்சு ஒண்ணைக் கீழே அவிழ்க்கப் போறேன். ஆடுற ஐடியா இருந்தா ஆடிட்டு வாங்க, கட்டுரை எங்கயும் போகாது.)

ஸ்கொயர் எனிக்ஸும் அக்வயரும் சேர்ந்து பண்ண கேம் இது. படத்துக்கு அவங்க வெச்ச பேர் ஹெச்டி-2டி. மனுஷங்க எல்லாம் பழைய பிக்சல் பொம்மைங்க, ஆனா அவங்க நிக்கிற தரை, மரம், தண்ணி எல்லாம் அன்ரியல் எஞ்சின் 4ல கட்டின முப்பரிமாண உலகம். முன்னாடி இருக்கிற புல்லும் பின்னாடி இருக்கிற மலையும் கேமரா ஃபோகஸ்ல இல்லாத மாதிரி மங்கலா தெரியும். விளக்கைத் தூக்கிட்டு குகைக்குள்ள போனா சுவத்துல வெளிச்சம் கூடவே நகரும். பழைய மெஷின்ல இதெல்லாம் நடக்கவே நடக்காது. மொத்தம் 256 நிறம்தான் ஒரே நேரத்துல ஸ்க்ரீன்ல காட்ட முடியும். ஆக இது பழைய கேம் மாதிரி இல்லை, பழைய கேமை ஆடினவங்க மனசுல அது எப்படிப் பதிஞ்சிருக்கோ அது மாதிரி. யசுனோரி நிஷிகியோட இசையும் அப்படித்தான். ஒரு பாஸ் சண்டைக்கு முன்னாடி வர்ற காட்சியில அந்த கேரக்டரோட தீம் மெதுவா ஆரம்பிச்சு, பேசி முடிக்கிற நொடியில நிக்காம அப்படியே சண்டை இசையா மாறும். முப்பதாவது தடவையும் எனக்கு அங்க சிலிர்த்துச்சு.

ஆனா படமும் பாட்டும் ரெண்டு நாள்ல பழகிடும். என்னை உட்கார வெச்சது ரூம்மேட் கேலி பண்ண அந்த "சும்மா நிக்கிற" சண்டைதான்.

ஒவ்வொரு எதிரிக்கும் கீழே ஒரு கவசம், அதுல ஒரு நம்பர். பக்கத்துல சில கட்டங்கள், உள்ளே கேள்விக்குறி. அந்தக் கட்டங்கள்தான் அவனோட பலவீனம்: வாளா, ஈட்டியா, நெருப்பா, காத்தா? அடிச்சுப் பார்த்துதான் கண்டுபிடிக்கணும். சரியான ஆயுதத்தால ஒவ்வொரு தடவை அடிக்கும்போதும் நம்பர் ஒண்ணு குறையும். பூஜ்யம் ஆனா பிரேக். அந்த டர்னோட மிச்சமும் அடுத்த டர்ன் முழுசும் எதிரி அசைய முடியாது, வாங்குற அடியும் அதிகம். இன்னொரு பக்கம் உங்க ஆளுங்களுக்கு டர்னுக்கு ஒரு பூஸ்ட் பாயின்ட் சேரும். அஞ்சு வரைக்கும் சேர்த்து வைக்கலாம், ஒரு தடவைக்கு மூணு வரைக்கும் செலவு பண்ணலாம். மூணு போட்டா ஒரு அடி நாலு அடியாகும். ஆனா செலவு பண்ண உடனே வர்ற டர்ன்ல புதுசா சேராது.

அவ்வளவுதான் விதி. இப்ப ஒரு பாஸ் பெரிய அடிக்குத் தயாராகுறான். கவசத்துல 5 இருக்கு. தெரியன்கிட்ட மூணு பாயின்ட் இருக்கு, கத்தியால நாலு குறைச்சிடுவான். மிச்சம் ஒண்ணை யார் குறைப்பா? சைரஸோட நெருப்பு போதும், ஆனா இந்த டர்ன்ல சைரஸுக்கு முன்னாடி பாஸ் அடிச்சிடுவான்னு மேலே வரிசையில தெரியுது. ஓஃபீலியா குணப்படுத்தணுமா, இல்லை அவளே தடியால ஒண்ணு போட்டுட்டு எல்லாரும் கடவுளை வேண்டிக்கணுமா? இந்த இடத்துல நான் ஃபுல்லா மூணு நிமிஷம் யோசிச்சிருக்கேன். அந்த மூணு நிமிஷமும் பாஸ் மரியாதையா காத்துட்டு நின்னான். ரூம்மேட்டுக்கு சும்மா நிக்கிற மாதிரி தெரிஞ்சது அது. பிஜிஎம்ஐல அவன் அரை செகண்ட்ல எடுக்கிற முடிவை நான் மூணு நிமிஷத்துல எடுக்கிறேன், ஆனா தோத்தா "லேக் ஆயிடுச்சு"ன்னு சொல்லித் தப்பிக்க எனக்கு வழி கிடையாது. தப்பு முழுக்க என்னோடது.

டர்ன் எடுத்து ஆடுறது பழைய மெஷினோட இயலாமைன்னு சொல்றவங்க இதைக் கொஞ்சம் யோசிக்கணும். 1986ல வந்த முதல் டிராகன் க்வெஸ்ட் மொத்தமுமே 64 கிலோபைட்தான். வாட்ஸ்அப்ல வர்ற குட் மார்னிங் படம் அதை விடப் பெருசு. அன்னைக்கு வேற வழி இல்லாம மெனு வெச்சிருக்கலாம். இன்னைக்கு அன்ரியல் எஞ்சின் கையில இருக்கும்போதும் ஒருத்தன் மெனு வெக்கிறான்னா, யோசிக்க நேரம் கொடுக்கணும்னு முடிவு பண்ணித்தான் வெக்கிறான்.

சரி, இப்ப சண்டைக்கு வரேன்.

"ரெட்ரோ" அப்படிங்கிற பேரை வெச்சு இந்த கேம் நிறைய தப்பையும் ஒளிச்சு வெக்குது. நாலு அடி நடந்தா எங்கிருந்தோ சண்டை வந்து விழும். எட்டு ஹீரோ, ஆளுக்கு நாலு அத்தியாயம், மொத்தம் 32. முப்பத்திரண்டும் கிட்டத்தட்ட ஒரே அச்சு: ஊருக்குப் போ, கதை கேளு, யார்கிட்டயாவது திருடு அல்லது விசாரி, குகைக்குப் போ, பாஸை அடி. இதையெல்லாம்கூட மன்னிக்கலாம். என்னால மன்னிக்க முடியாதது ஒண்ணே ஒண்ணு. இந்த எட்டு பேரும் ஒருத்தரோட கதையில இன்னொருத்தர் இல்லவே இல்லை.

ப்ரிம்ரோஸ் அப்பாவைக் கொன்னவங்களைத் தேடி நாடு நாடா அலையுறா. கடைசிக் கொலைகாரனை அவ நேருக்கு நேர் பார்க்கிறப்போ ஸ்க்ரீன்ல அவ மட்டும்தான் நிக்கிறா. கூட நடந்த மூணு பேர் எங்க? காட்சி முடிஞ்சு சண்டை ஆரம்பிச்ச உடனே டக்குன்னு வந்து நிக்கிறாங்க. சண்டை முடிஞ்சா மறுபடி மாயம். நடுவுல ஒரு பட்டனை அமுக்கினா ரெண்டு ரெண்டு பேரா நின்னு குட்டியா பேசுற காட்சி உண்டு. அதுவும் டீக்கடையில பேசுற மாதிரி, மெயின் கதையைத் தொடாது.

இதை விட மோசம் இருக்கு. ஆல்ஃபின்னு ஒரு நாட்டு மருத்துவன். சின்ன வயசுல சாகக் கிடந்த அவனை ஊர் பேர் சொல்லாத ஒரு வைத்தியர் காசு வாங்காம காப்பாத்தினார். அவரை மாதிரி ஆகணும்னுதான் அவன் பையைத் தூக்கிட்டுக் கிளம்புறான். ட்ரெஸ்ஸாங்கிற வியாபாரிப் பொண்ணு, யாரோ எழுதின ஒரு பயண நாட்குறிப்பைக் கையில வெச்சுக்கிட்டு கிளம்புறா. ஹானித்ங்கிற வேட்டைக்காரி (இவ பேசுற இங்கிலீஷ் செய்யுள் மாதிரி இருக்கும், இங்கிலீஷ் மீடியம் படிச்ச நானே ரெண்டு தடவை படிச்சேன்) ரெட்ஐங்கிற மிருகத்தைக் கொல்லக் கிளம்புறா. அந்த வைத்தியர், அந்த நாட்குறிப்பை எழுதினவர், அந்த மிருகம், மூணும் ஒரே ஆள். கிரஹாம் கிராஸ்ஃபோர்ட்.

திரும்ப ஒரு தடவை யோசிங்க. தன் உயிரைக் காப்பாத்தினவர்னு தெரியாம, ஆல்ஃபின் அந்த மிருகத்தோட சண்டையில நம்ம பார்ட்டியில நின்னிருக்கலாம். என் ஆட்டத்துல நின்னான். கோடாலியால கடைசி அடி போட்டது யார்னு எனக்கு ஞாபகம் இல்லை, அவனாவும் இருந்திருக்கலாம். இவ்வளவு பெரிய விஷயத்தைக் கையில வெச்சுக்கிட்டு கேம் என்ன பண்ணுதுன்னா, எட்டு கதையும் முடிச்ச பிறகு, சைட் க்வெஸ்ட்டுகளைத் தேடிப் பிடிச்சு, கடைசி வாசல் வரைக்கும் போனவங்களுக்கு மட்டும் சில காகிதங்கள்ல எழுதிக் காட்டுது. நாம படிக்கிறோம். ஆல்ஃபின் ஒரு வார்த்தை பேச மாட்டான். ட்ரெஸ்ஸா நாட்குறிப்பை எடுத்து அவன்கிட்ட நீட்ட மாட்டா. ஹானித் தலை குனிய மாட்டா.

"எந்த வரிசையில வேணா ஆடலாம், யாரை வேணா கூட்டிட்டுப் போகலாம், அப்புறம் எப்படிப்பா எல்லாத்துக்கும் வசனம் எழுதுறது?"ன்னு ஃபேன்ஸ் கேப்பாங்க. எட்டு பேர்ல நாலு பேரைத் தேர்ந்தெடுக்க 70 வழி, ஒத்துக்கிறேன். ஆனா ஜோடி மொத்தமே 28தான். அதுல இந்த மூணு பேருக்கு நடுவுல மூணு ஜோடி. அந்த மூணுக்காவது எழுதியிருக்கலாமே? முடியாத காரியமில்லைன்னு 2023ல அவங்களே காட்டிட்டாங்க. ஆக்டோபாத் 2ல நாலு ஜோடிக்குன்னு தனிக் கதை உண்டு, எட்டு பேரும் ஒண்ணா வர்ற முடிவும் உண்டு. அப்போ முதல் கேம்ல இருந்தது கலைத் துணிச்சல் இல்லை, பாதியில விட்ட வேலை. நமக்கு இது நல்லாவே தெரியும், ப்ராஜெக்ட் ரிவ்யூல "ஃபியூச்சர் ஸ்கோப்"னு ஸ்லைடு போடுறோமே, அதேதான்.

இப்ப என் சொந்த சோகம்.

பெஞ்சுல உட்கார்ந்திருக்கிறவங்களுக்கு இந்த கேம் அனுபவப் புள்ளி கொடுக்காது. யார் நடக்கிறாங்களோ அவங்க மட்டும் வளருவாங்க. நான் சைரஸ், தெரியன், ப்ரிம்ரோஸ், ஓஃபீலியா நாலு பேரை மட்டும் வளர்த்தேன். மத்த நாலு பேரும் மதுக்கடையில காத்துட்டு இருந்தாங்க. அவங்க அத்தியாயம் வந்தா மட்டும் கூட்டிட்டுப் போய், பலமான மூணு பேரை வெச்சு முடிச்சிட்டு, திரும்ப விட்டுட்டு வந்துடுவேன். கடைசியில என் நாலு பேரும் 70 கிட்ட. மத்தவங்க 40ஐத் தாண்டல.

கடைசி வாசல்ல எட்டு பாஸ்களோட நிழல் வரிசையா வரும். அதுக்கப்புறம் கால்டெரா. மத்த இடத்துல ஏரியா மாறினாலே தானா சேவ் ஆகுற கேம், இங்க நடுவுல சேவ் பண்ணவே விடாது. எட்டையும் அடிச்சு முடிச்சேன். அப்புறம் அது கேட்டுச்சு: எட்டு பேரையும் ரெண்டு அணியா பிரி. முதல் பாதி ஒரு அணிக்கு, ரெண்டாவது பாதி இன்னொரு அணிக்கு. வேற வழியில்லாம முதல் பாதியை என் நாலு பேரை வெச்சு கஷ்டப்பட்டு முடிச்சேன். ரெண்டாவது பாதியில ஓல்பெரிக், ட்ரெஸ்ஸா, ஆல்ஃபின், ஹானித் போய் நின்னாங்க. ரெண்டு டர்ன்கூடத் தாங்கல. ஒரு மணி நேரத்துக்கு மேல ஆடினது போச்சு. நைட் ரெண்டு மணிக்கு லேப்டாப்பை மூடிட்டு வராண்டாவுல போய் நின்னேன்.

கேமைத் திட்டினேன், ரொம்பவே திட்டினேன். சேவ் கொடுக்காததுக்குத் திட்டினது இன்னும் நியாயம்னுதான் நினைக்கிறேன். ஆனா எட்டு பேரையும் கேட்டதுக்குத் திட்ட முடியல. எட்டு பேரைக் கூட்டிட்டு ஆரம்பிச்சது நான். நாலு பேரை மறந்தது நான். கதையில எட்டு பேரையும் தனித்தனியா விட்டது கேமோட தப்புன்னு மேலே அத்தனை வரி எழுதினேனே, ஆடும்போது நானும் அதையேதான் பண்ணியிருக்கேன். அவங்க ஒருத்தரை ஒருத்தர் கண்டுக்கல, நான் நாலு பேரைக் கண்டுக்கல. கேம் அறுபது மணி நேரமா வாயையே திறக்காம இருந்துட்டு, கடைசி சண்டையில மட்டும் எட்டு பேரும் எங்கன்னு கேக்குது. இதைக் கேக்கத் தெரிஞ்ச கேம் முதல் நாள்லயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அது எனக்கு இன்னும் ஆறல.

ஆடலாமான்னு கேட்டா, ஆடலாம். சேல்ல வந்தா வாங்குங்க, முழு விலைக்கு வேண்டாம். ஒரு கேம்தான் ஆட நேரம் இருக்குன்னா நேரா ரெண்டாவது பாகத்துக்குப் போங்க, ரெண்டுக்கும் கதைத் தொடர்பு கிடையாது, சண்டையை வேகமா ஓட்டவும் அதுல வழி இருக்கு. முதல் பாகத்தைத்தான் ஆடுவேன்னா, பார்ட்டியை மாத்திக்கிட்டே இருங்க.

நான் இப்ப மதுக்கடையில இருந்து அந்த நாலு பேரைக் கூட்டிட்டுக் கிளம்பியிருக்கேன். ட்ரெஸ்ஸா 52 வந்துட்டா. நடந்தாலே அங்கங்க காசு பொறுக்குறா, இவளை ஏன் விட்டுட்டு அலைஞ்சேன்னு தெரியல. ஆல்ஃபின் 49. ஹானித்துக்குப் பிடிச்ச மிருகத்தையெல்லாம் இன்னும் மாத்தணும். ஓல்பெரிக்கைத்தான் இன்னும் தொடவே இல்லை.