தொட்டியைக் கழற்றிப் பாருங்கள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கிழக்குக் கடலில் மீன்பிடிக்கலாகாது என்ற தடை நடப்பிலிருக்கும் காலத்தில், தூத்துக்குடியில் பழைய படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்ப்பவர்கள், பலகை இடுக்குகளை அடைத்து வர்ணம் பூசுவதில் காட்டும் சிரத்தையை, இருட்டில் கிடக்கும் டீசல் தொட்டியிலும் காட்டுதல் அத்தியாவசியம் என்பதே என் அபிப்பிராயம்.

குருவிகுளத்துக் கரிசல் காட்டில் வாழும் எனக்குக் கடல் தூரந்தான். ஆயினும் எங்கள் கிணற்றடி ஆயில் என்ஜினின் தொட்டிக்கு நேரும் சேதமே படகில் பேராபத்தாகிறது. பாதி நிரம்பிய தொட்டியின் உட்சுவரில் காற்றின் ஈரம் குளிர்ந்து நீராகி, டீசலைவிடக் கனமாதலால் அடியில் தங்கி, இரும்பை உள்ளிருந்தே அரிக்கிறது. நீரும் எண்ணெயும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் பெருகிக் கரிய, வழவழத்த கசடாகின்றன. கரையில் அசையாமல் கிடந்த அக்கசடு, நடுக்கடலில் அலை குலுக்கும்போது கலங்கியெழுந்து ஃபில்டரை அடைக்க, என்ஜின் நின்று, படகு அலையின் வசமாகிறது.

மேல்தளத்தைப் பெயர்க்க நேரும் என்று தயங்காமல், எண்ணெயை வடித்து, தொட்டியை வெளியே எடுத்து, அடித்தகட்டையும் தாங்குபட்டை உராய்ந்த இடங்களையும் தட்டிப் பார்க்க வேண்டும். காலித் தொட்டியிலும் எரியாவி தங்குமாதலால், நன்கு கழுவி ஆவி நீக்காமல் வெல்டிங் வைப்பது பிராணாபாயம்.

தடைக்காலத்தில் படகுகளை ஆய்வு செய்யும் மீன்வளத்துறை, பழைய படகுகளுக்கு இப்பரிசோதனையையும் கட்டாயமாக்கி, செலவில் ஒரு பங்கை மானியமாக அளிப்பதே நியாயம்.