அபராதம் தெரியும், உதவி எண் தெரியுமா?

பள்ளிக் கழிவறையில் மாம்பழ வாசனை வந்தால், முன்பெல்லாம் சோப்பை மாற்றிவிட்டார்கள் போலும் என்று நினைத்திருப்போம். இப்போது அப்படி நினைக்க முடிவதில்லை. திராட்சை, புதினா, லைச்சி என எந்த வாசனை வந்தாலும், சற்றுமுன் உள்ளே இருந்தது யார் என்ற கேள்விதான் முதலில் எழுகிறது. பேனாவோடு பேனாவாகப் பென்சில் பெட்டிக்குள் அடங்கிவிடும் ஒரு பொருள், இன்று மாணவர்களையும் பெற்றோரையும் ஆசிரியர்களையும் ஒருசேரக் கவலைகொள்ள வைத்திருக்கிறது.

சிங்கப்பூரில் மின்சிகரெட்டை வாங்குவதும் வைத்திருப்பதும் பயன்படுத்துவதும் 2018 பிப்ரவரி 1ஆம் தேதி முதல் குற்றம். ஆனாலும் பலர் அதைப் பெரிய குற்றமாகக் கருதவில்லை. பிடிபட்டால் அபராதம், அவ்வளவுதானே என்ற எண்ணமே மேலோங்கியிருந்தது. 2025ல் நிலைமை மாறியது. கைப்பற்றப்பட்ட மின்சிகரெட்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்டவற்றைச் சோதித்தபோது, ஏறத்தாழ மூன்றில் ஒன்றில் ‘எட்டோமிடேட்’ என்னும் மயக்க மருந்து கலந்திருந்தது தெரியவந்தது. சுகாதார அமைச்சர் ஓங் யி காங் ஜூலை மாதம் இதை அறிவித்தார். ஆகஸ்ட் 17ஆம் தேதி தேசிய தினப் பேரணி உரையில், மின்சிகரெட்டை இனிப் போதைப்பொருள் பிரச்சினையாகவே அரசாங்கம் கருதும் என்றார் பிரதமர் லாரன்ஸ் வோங். செப்டம்பர் 1 முதல் எட்டோமிடேட், போதைப்பொருள் சட்டத்தின்கீழ் ‘சி’ பிரிவில் சேர்க்கப்பட்டது.

அந்த மருந்து எப்படிப்பட்டது என்பதை அறிந்தால், அரசாங்கம் ஏன் இவ்வளவு விரைந்து செயல்பட்டது என்பது விளங்கும்.

எட்டோமிடேட் அறுவை சிகிச்சைக் கூடத்துக்கு உரிய மருந்து. நோயாளியின் எடையையும் உடல்நிலையையும் பார்த்து, மயக்க மருந்து நிபுணர் அளந்து, நரம்புவழி ஊசியாகச் செலுத்துவார். ஒரு நிமிடத்துக்குள் நோயாளி நினைவிழப்பார். அருகிலேயே இதயத் துடிப்பையும் மூச்சையும் கண்காணிக்கும் கருவிகள் இருக்கும். ஏதாவது தவறினால் உடனே கைகொடுக்க ஆட்களும் இருப்பார்கள். அதே மருந்தை அளவே தெரியாமல், எம்ஆர்டி நிலையத்திலோ புளோக்கின் கீழ்த்தளத்திலோ இழுக்கும்போது அருகில் இருப்பது யார்? கைப்பேசியில் காணொளி எடுக்கும் நண்பன்தான்.

மருத்துவர்களே இந்த மருந்திடம் ஒருமுறை பாடம் கற்றிருக்கிறார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் படுத்திருக்கும் நோயாளிகளை அமைதியாக வைத்திருக்க, ஒரு காலத்தில் எட்டோமிடேட்டை நாள்கணக்கில் தொடர்ந்து செலுத்தினார்கள். அப்படிப் பெற்றவர்களில் கூடுதலானோர் இறப்பதை ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகர மருத்துவர்கள் கவனித்து, 1983ல் எழுதினார்கள். காரணம் பிறகு தெளிவானது. சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரீனல் சுரப்பியை இந்த மருந்து முடக்குகிறது. உடலுக்கு நெருக்கடி வரும்போது தாங்கிப் பிடிக்கும் கார்ட்டிசோல் சுரப்பது நின்றுவிடுகிறது. அதன்பின் அதைத் தொடர்ச்சியாகச் செலுத்தும் வழக்கத்தை மருத்துவர்கள் கைவிட்டார்கள். நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே மருத்துவமனை கைவிட்ட ஒரு முறையை, இன்று ஒரு பதினாறு வயதுக்காரர் எந்த மேற்பார்வையும் இல்லாமல் தம் உடலில் சோதித்துப் பார்க்கிறார்.

“நான் அதைத் தொடுவதில்லை, சாதாரண மின்சிகரெட்தான்” என்று சிலர் சொல்லக்கூடும். அது சாதாரணமானதுதான் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? கள்ளச் சந்தையில் விற்கும் குப்பிக்கு உள்ளடக்கப் பட்டியல் கிடையாது. இருந்தாலும் அதற்கு எவரும் பொறுப்பேற்கப் போவதில்லை. 2019ல் அமெரிக்காவில் மின்சிகரெட் பயன்படுத்திய ஏராளமானோர், அவர்களில் பலர் இளையர், மூச்சுத் திணறலுடன் மருத்துவமனைகளுக்கு வந்தார்கள். 2020 பிப்ரவரிக்குள் அந்த எண்ணிக்கை 2,807ஐ எட்டியது. 68 பேர் உயிரிழந்தனர். பெரும்பாலானோர் கஞ்சாச் சத்து கலந்த குப்பிகளைப் பயன்படுத்தியவர்கள். அதைத் தடிப்பாக்கச் சேர்க்கப்பட்ட ‘வைட்டமின் இ அசிட்டேட்’ முக்கியக் காரணமாகக் கண்டறியப்பட்டது. மாத்திரையாக விழுங்கினாலும் தோலில் பூசினாலும் பொதுவாகத் தீங்கு செய்யாத பொருள் அது. வயிறு ஏற்றுக்கொள்வதை எல்லாம் நுரையீரல் ஏற்றுக்கொள்ளாது என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று வேண்டியதில்லை. உண்பதற்காக அனுமதிக்கப்பட்ட பழ வாசனைப் பொருள்களுக்கும் இந்தக் கேள்வி பொருந்தும்.

மாற்றுக் கருத்தும் உண்டு, அதையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். பிரிட்டனில் புகைபிடிப்பதை விட விரும்பும் பெரியவர்களுக்கு மின்சிகரெட்டை அரசாங்கமே பரிந்துரைக்கிறது. பத்து லட்சம் புகைப்பிடிப்பாளர்களுக்கு மின்சிகரெட் வழங்கி, சிகரெட்டிலிருந்து விடுவிக்கும் திட்டத்தை 2023ல் அந்நாடு அறிவித்தது. சிகரெட்டில் புகையிலை எரிகிறது; எரியும்போது உண்டாகும் தாரும் கார்பன் மோனாக்சைடும் மின்சிகரெட்டில் இல்லை என்பது அவர்களின் வாதம். முப்பது ஆண்டுகளாகப் புகைபிடிக்கும் ஒருவரைப் பொறுத்தவரை அந்த வாதத்தில் நியாயம் இருக்கலாம். ஆனால், ஒருமுறைகூடப் புகைபிடிக்காத மாணவர் மின்சிகரெட்டைச் சிகரெட்டோடு ஒப்பிடக்கூடாது. அவர் இப்போது சுவாசிக்கும் காற்றோடுதான் ஒப்பிட வேண்டும். ஒருமுறை பயன்படுத்தி வீசும் மின்சிகரெட்டுகளின் விற்பனையை அதே பிரிட்டன் 2025 ஜூன் 1 முதல் தடைசெய்தது. இளையரிடையே அவை பரவியது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

அண்டை நாடான மலேசியாவின் அனுபவமும் இதையே சொல்கிறது. அங்கு 13 முதல் 17 வயது வரையிலானோரிடம் நடத்தப்பட்ட தேசிய சுகாதார ஆய்வின்படி, சிகரெட் பிடிப்போர் விகிதம் 2017ல் 13.8 விழுக்காடாக இருந்து 2022ல் 6.2 விழுக்காடாகக் குறைந்தது. மகிழ்ச்சியான செய்திதான். ஆனால், அதே ஐந்தாண்டுகளில் மின்சிகரெட் பயன்படுத்துவோர் 9.8 விழுக்காட்டிலிருந்து 14.9 விழுக்காட்டுக்கு உயர்ந்தார்கள். ஒரு வாசலை மூடும்போது இன்னொரு வாசல் அகலத் திறந்துகொண்டது.

ஏன் இழுக்கிறார்கள்? “மன அழுத்தம்” என்ற பதிலைப் பல மாணவர்களிடமிருந்து கேட்கலாம். தேர்வும் திட்டப்பணியும் இணைப்பாட நடவடிக்கையும் சேர்ந்து அழுத்துவது உண்மைதான். அதைச் சிறுமைப்படுத்த வேண்டாம். ஆனால், நிக்கோட்டின் அந்த அழுத்தத்தைக் குறைப்பதில்லை. இழுத்த சில விநாடிகளில் அது மூளையை எட்டி இதமளிக்கிறது. சற்று நேரத்தில் இதம் வடிந்து எரிச்சலும் பரபரப்பும் கவனச் சிதறலும் தலைதூக்குகின்றன. மறுபடி இழுத்தால் அவை அடங்குகின்றன. நிக்கோட்டின் உண்டாக்கிய அழுத்தத்தை நிக்கோட்டினே தணிக்கிறது. கடன்காரரிடமே மீண்டும் கடன் வாங்கி வட்டி கட்டுவது போன்றதுதான் இது. மூளையின் வளர்ச்சி ஏறத்தாழ 25 வயது வரை தொடர்வதால், இளம் வயதில் இந்தப் பழக்கம் வேகமாக ஒட்டிக்கொள்கிறது. கவனத்தையும் நினைவாற்றலையும் பாதிக்கிறது.

இவற்றில் பாதியை மாணவர்கள் ஏற்கெனவே கேட்டிருப்பார்கள். தண்டனைகளும் அவர்களுக்குத் தெரியும். 2025 செப்டம்பர் 1 முதல் முதன்முறை பிடிபடும் 18 வயதுக்குட்பட்டோருக்கு 500 வெள்ளி, மற்றவர்களுக்கு 700 வெள்ளி அபராதம். எட்டோமிடேட் பயன்படுத்தியது உறுதியானால் மறுவாழ்வுத் திட்டத்திலும் கலந்துகொள்ள வேண்டும். விற்போருக்குச் சிறையும் பிரம்படியும் காத்திருக்கின்றன. இந்தக் கடுமை தேவைதான். லாபத்துக்காகப் பதின்ம வயதினருக்கு மயக்க மருந்து விற்போருக்கு இரக்கம் காட்ட வேண்டியதில்லை.

ஆனால், அபராதத் தொகையைச் சட்டென்று சொல்லத் தெரிந்த மாணவர்களிடம் இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும். பிடிபடுவதற்கு முன்பே, தாமாக முன்வந்து உதவி நாடுவோருக்குத் தண்டனை கிடையாது என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் 1800 438 2000 என்ற எண்ணை அழைத்தால், பழக்கத்தைக் கைவிட ஆலோசனை கிடைக்கும். கையிலிருக்கும் சாதனத்தைப் போட்டுவிட்டுப் போகச் சமூக மன்றங்கள் சிலவற்றில் தொட்டிகளும் வைக்கப்பட்டன. பள்ளி ஆலோசகரின் அறைக் கதவும் திறந்தே இருக்கிறது. தண்டனையைப் பற்றிய செய்தி காட்டுத்தீயாகப் பரவும் அளவுக்கு இந்தச் செய்தி பரவவில்லை. அதனால் நேரும் இழப்பு பெரிது. விட வேண்டும் என்று நினைக்கும் மாணவர்கூட, வாய் திறந்தால் மாட்டிக்கொள்வோம் என்று அஞ்சி மௌனமாக இருந்துவிடுகிறார். மௌனமாக இருப்பவரைத்தான் விற்பவனுக்கு மிகவும் பிடிக்கும்.

இந்த மௌனத்தை முதலில் உடைக்கக்கூடியவர்கள் நண்பர்கள். நண்பனின் கை நடுங்குவதையும், நடை தள்ளாடுவதையும், வகுப்பில் தூங்கி விழுவதையும் பெற்றோருக்கு முன்பே நீங்கள் பார்க்கிறீர்கள். ஆனால், ‘காட்டிக்கொடுத்தவன்’ என்ற பெயர் வந்துவிடுமோ என்று தயங்குகிறீர்கள். சிரித்து மகிழ மட்டுமல்ல, வழிதவறும்போது இடித்துரைக்கவும்தான் நட்பு என்று வள்ளுவர் சொன்னதை வகுப்பில் படித்திருக்கிறோம். அதைத் தேர்வுத்தாளோடு விட்டுவிடலாமா? முதலில் நண்பனிடம் தனியாகப் பேசுங்கள். ஆலோசகரிடம் போகத் தயங்கினால் உடன் செல்லுங்கள். நினைவிழந்து விழுந்தாலோ மூச்சுத் திணறினாலோ யோசிக்காமல் 995ஐ அழையுங்கள். அந்த நேரத்தில் ரகசியம் காப்பது நட்பாகாது.

பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நம் குடும்பங்களில் இத்தகைய செய்தி வந்தால் முதலில் எழும் கேள்வி, “நாலு பேருக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார்கள்?” என்பதுதான். அந்தக் கேள்விக்குப் பயந்து விஷயத்தை வீட்டுக்குள்ளேயே மூடி மறைக்கிறோம். சாதனத்தை உடைத்து எறிந்துவிட்டு, நாலு திட்டுத் திட்டினால் தீர்ந்தது என்று நம்புகிறோம். நிக்கோட்டினுக்கு அடிமையான மூளை திட்டினால் திருந்தாது. பிள்ளை தானாக வந்து, “அம்மா, என்னால் விட முடியவில்லை” என்று சொன்னால், அதுவே பாதி வெற்றி. அந்த நேரத்தில் கை ஓங்கினால் மீதிப் பாதியை இழந்துவிடுவோம்.

பள்ளிகளும் கல்லூரிகளும் உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. அபராதத்தை அறிவிக்கும் ஒவ்வொரு சுவரொட்டியிலும், அதே அளவு எழுத்தில் உதவி எண்ணையும் அச்சிடலாம். தானாக முன்வந்தால் தண்டனையில்லை என்ற வரியை மாணவர்களுக்கு விளங்கும் எளிய மொழியில், தமிழிலும் எழுதலாம். பிடிபட்டவருக்கு என்ன ஆகும் என்பதைச் சொல்லும் காலைக்கூட்டத்தில், உதவி நாடுபவருக்கு என்ன ஆகும் என்பதையும் சொல்லலாம்.

தடையும் சோதனையும் தொடரட்டும். ஆனால், சட்டத்தின் கண் எட்டாத இடங்களான கழிவறை, படுக்கையறை, நண்பர்கள் கூடும் மாடிப்படி ஆகியவற்றில் துணைக்கு இருப்பது நீங்கள்தான். இன்று வீடு திரும்பும் வழியில், அந்த எண்ணைக் கைப்பேசியில் பதிந்து வையுங்கள். உங்களுக்குத் தேவைப்படாமல் போகலாம். உங்கள் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருப்பவருக்குத் தேவைப்படலாம்.